கொள்ளிடக் கரைக்குச் சிறிய குக்ரி போதுமா?

கேள்வி: குடந்தை மிதிவண்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வரை, சில வேளைகளில் அதற்கும் அப்பால், மிதிவண்டியில் சென்று கொள்ளிடத்துப் படுகையில் பகல் முழுவதும் தங்கி, அங்கேயே சமைத்து உண்டு, வெயில் தாழ்ந்த பிறகு திரும்பும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். தார்ப்பாய் கட்டுவதற்கு மூங்கில் கழி சீவுவது, காய்ந்த கருவேலங்கிளைகளை அடுப்புக்குத் தகுந்த நீளத்தில் நறுக்குவது, உட்காரும் இடத்தில் மண்டிக் கிடக்கும் நாணலையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒதுக்குவது, கடைசியில் வெங்காயமும் மீனும் அரிவது ஆகியவைதான் எங்களுக்குக் கத்தியால் ஆகும் வேலைகள். இப்போது ஒரு வெட்டரிவாளும் சில சமையலறைக் கத்திகளும் கொண்டுபோகிறோம். அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டினால் சாக்கு கிழிகிறது. பையில் வைத்தால் பை கிழிகிறது.

டேராடூனிலிருந்து ஊர் திரும்பும் உறவினர் ஒருவர், நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரி வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். அங்கே 11 அங்குல அலகு கொண்டதும் 7 அங்குல அலகு கொண்டதும் கிடைக்கின்றனவாம். சிறியது வேலைக்கு உதவுமா, அல்லது கண்ணாடி அலமாரியில் வைக்கும் பொருள்தானா? பெரியதை வாங்கினால் வழியில் காவல்துறையினருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பாபநாசம் முன்னாள் படைவீரர்

ஐயா, கூர்க்கா வீரர்களுடன் ஒரே முகாமில் பணியாற்றிய காலத்தில் இக்கத்தியை அன்றாடம் பார்க்கவும் பயன்படுத்தவும் எனக்கு வாய்ப்பு இருந்தது. உங்கள் வேலைப் பட்டியலைப் படித்தவுடன் சிறியதையே சொல்லத் தோன்றியது. ஆனால் பெரியது செய்வதையெல்லாம் சிறியதும் செய்துவிடும் என்று நினைத்து வாங்க வேண்டாம். குக்ரியின் அலகு நடுவில் உள்நோக்கி மடிந்து, முனைக்குச் சற்று முன்பாக அகன்ற வயிறாக விரிகிறது. எடை கையை விட்டு விலகி அந்த வயிற்றில் சேர்வதால், ஓங்கும்போது கையின் வலுவோடு கத்தியின் பாரமும் சேர்ந்து இறங்குகிறது. அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய குக்ரி மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளையை ஓரிரு வீச்சில் துண்டிப்பதற்கு இதுவே காரணம். அலகு 7 அங்குலமாகக் குறுகும்போது இந்தப் பாரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. அதே கிளைக்குப் பல வெட்டுகள் தேவைப்படும்.

இழந்ததற்கு ஈடாகக் கிடைப்பது கட்டுப்பாடு. பிடியை ஒட்டிய பகுதி ஏறக்குறைய நேராகவும், உங்கள் விரல்களுக்கு மிக அருகிலும் இருப்பதால், கழியின் நுனியைக் கூராக்குவது, கயிறு நழுவாமலிருக்க முளைக்குச்சியில் காடி வெட்டுவது போன்ற வேலைகளைச் சிறிய குக்ரியில் பென்சில் சீவுவதைப் போலச் செய்யலாம். பெரிய குக்ரியில் முன்பாரம் மணிக்கட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் கை ஓய்ந்துவிடும். வெங்காயம் அரிய வயிற்றுப் பகுதி போதும். மீனைச் செதில் நீக்கிக் கழுவ மட்டும் வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முதுகு தடித்த எந்தக் கத்தியும் மீன் சதையை அறுப்பதைவிடப் பிளப்பதையே செய்யும்.

அந்தத் தடித்த முதுகு மூங்கிலுக்கு மிகவும் பொருந்துகிறது. கழியை நிறுத்தி, அதன் தலையில் அலகை வைத்து, வளைவுக்கு நேர் மேலே முதுகில் ஒரு கட்டையால் தட்டினால், ஆப்பு இறக்கியதுபோல் மூங்கில் கணுக்கணுவாகப் பிளந்துகொண்டு போகும். கழியை அடியில் வெட்டும்போது குறுக்கே வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். குறுக்கே விழும் வெட்டு நாரில் மோதித் துள்ளும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுற்றுலாக் கடைகளில் பித்தளை வேலைப்பாட்டுடன் தொங்குபவற்றில் பல, விளிம்புக்குத் தோய்ச்சல், அதாவது காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குதல், கொடுக்கப்படாதவை. உறவினரிடம் ஒரு சிறிய அரத்தைக் கொடுத்து, கடைக்காரரின் அனுமதியுடன் விளிம்பில் இலேசாக உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தோய்ச்சலுள்ள விளிம்பில் அரம் வழுக்கும், பச்சை இரும்பில் கடிக்கும். நேபாளத்துக் கொல்லர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, கெண்டியிலிருந்து தண்ணீரை விளிம்பின் மீது மட்டும் ஊற்றிக் கடினமாக்குவார்கள். முதுகு மென்மையாகவே இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் கேளுங்கள். வால் பிடியைத் துளைத்துக் கடைசியில் பித்தளைப் பூணில் அடித்து இறுக்கப்பட்டிருக்கலாம், அல்லது பிடியின் முழு அகலத்துக்கும் ஓடி இருபுறமும் ஆணி அறையப்பட்டிருக்கலாம். இரண்டும் நல்லவையே. முதல் வகையில் வாலைப் பற்றியிருப்பது பெரும்பாலும் அரக்குப் போன்ற ஒரு பிசின் என்பதால், மூடிய காருக்குள் சித்திரை வெயிலில் விட்டுவிட்டால் அது இளகிப் பிடி ஆடத் தொடங்கும்.

பதில்: திருவையாற்று விவசாயி

முன்னாள் படைவீரர் ஐயா கூறியவற்றில் பிழையில்லை. ஆயினும் காவிரிக் கரையில் இருந்துகொண்டு டேராடூன் கத்திக்கு ஏன் அலைய வேண்டும் என்ற கேள்வி எனக்கு எழுகிறது. நம் பக்கத்துப் பட்டறைகளிலும் அதே லாரிப் பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார்கள், அதே தோய்ச்சல்தான் போடுகிறார்கள். ஒரு முழத்துக்குக் குறைவாக, கைக்கு அடக்கமாக ஒரு வெட்டரிவாள் அடித்துத் தரச் சொன்னால் தயங்காமல் அடித்துத் தருவார்கள், பிடி தளர்ந்தாலும் அவர்களே சரிசெய்வார்கள்.

அதைவிட முக்கியமானது முள். படுகையில் நீங்கள் வெட்டப்போவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். அதன் கிளையைக் கையால் பற்ற முடியாது; இடக்கையில் கவைக்கம்பால் அழுத்திக்கொண்டு, வலக்கையில் அரிவாளால் வெட்டி, வெட்டிய கிளையை அரிவாள் மூக்கிலேயே கொக்கியாக மாட்டி இழுத்து ஒதுக்குவதுதான் நம் வழக்கம். 7 அங்குல அலகால் அதை வெட்டப் போனால் உங்கள் முழங்கை வரை முள்ளுக்குள் போக வேண்டும். குக்ரியின் முனை முன்னோக்கிக் கூராக இருக்கிறதே தவிர, அதில் எதையும் மாட்டி இழுக்க முடியாது. சீமைக்கருவேல முள் ஆழமாகத் தைத்து உள்ளேயே ஒடிந்துவிட்டால் நாள்கணக்கில் வீங்கிக் கடுக்கும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

சாணை பிடிப்பதும் தொல்லைதான். உள்வளைந்த விளிம்பு தட்டையான கல்லில் படியாது. கல்லின் மழுங்கிய ஓரத்தையோ உருண்டையான சாணைக்குச்சியையோதான் பயன்படுத்த வேண்டும். தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், வளைவை நேராக்குவதாக எண்ணிக்கொண்டு வயிற்றைத் தேய்த்துவிடுவார். சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு அந்த இடத்தில் கூர் நிற்காது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அரிவாளுக்கு ஒழுங்கான உறை செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இல்லை. குக்ரி உறையோடு வருகிறது.

பதில்: திருவாரூர் வழக்கறிஞர்

கேள்வியின் சட்டப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களின் பட்டியல் ஒன்று உள்ளது. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு சீக்கியர்கள் அணியும் கிர்பானும் குக்ரியும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. அலகு 9 அங்குலத்தைவிட நீளமாகவோ 2 அங்குலத்தைவிட அகலமாகவோ இருக்கும் கத்திகளை அப்பட்டியல் கருதுகிறது. வீட்டு, வேளாண்மை, அறிவியல், தொழிற்பயன்பாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கும் தருகிறது. விவசாயி நண்பரின் அரிவாள் அந்த விலக்கில் இயல்பாக அடங்கும். 11 அங்குலக் குக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு அதே விலக்கைக் கோருவது அவ்வளவு எளிதன்று.

7 அங்குலம் நீளத்தில் தப்பிவிடுகிறது. ஆனால் குக்ரியில் அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். வயிற்றின் மிக அகன்ற இடத்தில் அளவுநாடாவை வைத்துப் பார்த்து, 2 அங்குலத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருப்பதாலேயே எங்கும் எடுத்துச் செல்லலாம் என்றும் கொள்ள வேண்டாம். தடை உத்தரவு நடப்பில் உள்ள நாட்களிலும், திருவிழாக் கூட்டத்திலும், தேர்தல் காலத்திலும் எந்தக் கத்தியும் சிக்கலைக் கொண்டுவரும். இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அணைக்கரைக் கடைத்தெருவில் தேநீர் குடிப்பதற்கும், சமையல் சாமான்களோடு பையின் அடியில் உறையிட்டுக் கட்டி வைத்திருப்பதற்கும் காவலரின் பார்வையில் மிகுந்த வேறுபாடு உண்டு.

உங்கள் குழு என்றாவது கோடியக்கரை வரை போவதாக இருந்தால், கத்தியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அது 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழையக் கூடாது. அச்சட்டம் ஆயுதம் என்று வரையறுக்கும் பொருள்களில் கத்தியும் ஒன்று. அங்கே நீளத்துக்கோ அகலத்துக்கோ சலுகை கிடையாது.

மறுமொழி: குடந்தை மிதிவண்டிக்காரர்

மூவருக்கும் நன்றி. முள் வெட்டுவதற்கு அரிவாளே தேவை என்பது தெளிவாகிவிட்டது. ஆயினும் எங்கள் வேலையில் முள் வெட்டுவது வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாள் முழுவதும் கையில் இருப்பது சீவும் கத்தியும் நறுக்கும் கத்தியும்தான். ஆகவே குழுவுக்கு ஓர் அரிவாளும், வயிறு 2 அங்குலத்துக்கு உட்பட்ட 7 அங்குலக் குக்ரி ஒன்றும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆற்றங்கரை ஈரத்தில் துருப்பிடிக்காமல் எப்படிப் பாதுகாப்பது? குழுவில் கல்லூரி மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் முன் எதைச் சொல்லித் தர வேண்டும்?

பதில்: வேதாரண்யம் உப்புக்காற்று

துருவைப் பற்றி எங்களைக் கேட்டால் தகும், ஏனெனில் இங்கே பூட்டும் தாழ்ப்பாளும்கூடத் துருவேறுகின்றன. மரத்தால் செய்து மேலே தோல் போர்த்திய உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள் கத்தியை வாரக்கணக்கில் விட்டால் எண்ணெய் பூசியிருந்தாலும் பயனில்லை. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, உறைக்கு வெளியே காகிதத்தில் சுற்றி வையுங்கள். வாழை வெட்டினால் சாறு காய்வதற்குள் கழுவிவிடுங்கள், இல்லையேல் அலகில் கருங்கறை ஏறிவிடும். அந்தக் கறையால் கூருக்குக் கேடில்லை, பார்வைக்குத்தான் கேடு.

பதில்: பாபநாசம் முன்னாள் படைவீரர்

மாணவர்களுக்கு வெட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன் உறையிலிருந்து உருவக் கற்றுக்கொடுங்கள். குக்ரியால் ஏற்படும் காயங்களில் பல உருவும்போதே ஏற்படுகின்றன. உறை இரண்டு மரப்பட்டைகளை இணைத்துச் செய்யப்படுவது. கூர் விளிம்பு உள்ளே உரசி உரசி, நாளடைவில் இணைப்பையும் தோலையும் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடும். உறையை முழுக் கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேகமாக உருவினால், விளிம்புப் பக்கத்தில் இருக்கும் விரல்கள் அறுபடும். இடக்கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் உறையின் இரு பக்கங்களை மட்டும் பற்றியிருக்க வேண்டும். உள்ளங்கை முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். விளிம்புப் பக்கத்தில் எந்த விரலும் மடங்கியிருக்கக் கூடாது. முதுகு உறையின் மீது அழுந்தியபடியே, வளைவைப் பின்தொடர்ந்து மெதுவாக உருவ வேண்டும். திரும்பச் செருகும்போதும் அப்படியேதான்.

உறையின் பின்புறம் சிறு பையில் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும். கூருள்ளது கர்தா, கூரற்றது சக்மக். பூண்டு உரிப்பது, கயிறு அறுப்பது போன்ற வேலைகளுக்குக் கர்தாவையே கொடுங்கள். சக்மக்கால் விளிம்பை நீவினால் மடங்கிய கூர் நிமிரும். விவசாயி நண்பர் சொன்ன சாணைத் தொல்லையில் பெரும்பகுதி அதனாலேயே குறையும். சிறிய குக்ரிகள் சிலவற்றில் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள் என்பதால், வாங்கும்போதே உறையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.