காளான் தலையா, சிதறுவிளிம்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் எச்சரிக்கை அட்டைக்கு ஒரு சொல் தேடுகிறோம். வெட்டிரும்பு என்பது சுத்தியலால் அடித்து உலோகத்தை வெட்டும் உளி. அடி வாங்கி வாங்கி ஓரம் விரிந்து சுருண்டுபோன வெட்டிரும்புத் தலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அதை 'மஷ்ரூம்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஐயா 'காளான் தலை' என்று எழுதினார். மட்டக்களப்பு ஆசிரியை 'விரிதலை' என்றார். ஒரு வாரம் இரண்டையும் மனத்தில் உருட்டிப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

சனிக்கிழமை பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில், அவர்கள் பயன்படுத்தும் வெட்டிரும்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கூரில் குறை இல்லை. தலையின் ஓரமோ சுற்றிவரப் பிதுங்கி, கீழே மடிந்து கிடந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தபோது வெடிப்புகளில் நகம் சிக்கியது. ஓரிடத்தில் அரிசி மணி அளவு துண்டு ஏற்கெனவே போயிருந்தது. எப்போது தெறித்தது, எந்தப் பக்கம் போனது என்று கடைத் தம்பிக்குத் தெரியவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் சொல் பிடிபடும். வெட்டிரும்பின் வெட்டும் முனையை மட்டும் சூடேற்றித் தோய்த்து வன்மையாக்குகிறார்கள். தலையை வேண்டுமென்றே மென்மையாக விடுகிறார்கள். அதுவும் வன்மையாக இருந்தால் முதல் அடியிலேயே நொறுங்கக்கூடும். மென்மையான தலை அடிக்கு இணங்கி ஓரத்தில் பரவுகிறது. அப்படிப் பரவும் இரும்பு அடியினாலேயே மெல்ல மெல்ல இறுகி, இணங்கும் குணத்தை இழந்து வெடிப்பு விடுகிறது. அதற்குப் பிறகு விழும் ஏதாவதோர் அடியில் சில்லு பறக்கிறது.

ஐயா கோபிக்கக் கூடாது. 'காளான்' உருவத்தை அப்படியே காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் காளான் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது மழை, ஈரம், தொட்டால் பிய்ந்துபோகும் மென்மை. நாம் எழுதுவது எச்சரிக்கை அட்டை. என் மாமா ஒரு கராஜில் வேலை செய்தவர். வெட்டிரும்பை அவர் பிடித்திருந்தார், அடித்தவர் இன்னொருவர். சில்லு மாமாவின் இடக் கண்ணில் ஏறியது. இரும்பை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், பார்வை திரும்பவில்லை. அந்தத் தலை விரிந்திருந்ததை அங்கிருந்த எல்லோரும் நாள்தோறும் பார்த்தவர்கள்தாம். அதைச் சுட்ட அவர்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை. இந்த விவாதத்தை நான் விடாமல் இழுப்பதற்குக் காரணம் அதுதான்.

'விரிதலை' அழகான வினைத்தொகை. என் தயக்கம் வேறு. தலை முழுவதும் கெட்டுவிட்டது என்று அது சொல்கிறது. கெட்டது ஓரம் மட்டுமே. ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து, விளிம்பைச் சற்றுச் சரித்துவிட்டால் கருவி மறுபடி வேலைக்கு ஆகும். எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்பதையும் சொல்லே காட்ட வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு 'சிதறுவிளிம்பு'. இதுவும் வினைத்தொகைதான். சிதறிய விளிம்பு, சிதறுகின்ற விளிம்பு, சிதறும் விளிம்பு என்று மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கின்றன. கடையில் நான் பார்த்த வெட்டிரும்புக்கு மூன்றும் பொருந்தும். இடையில் வல்லெழுத்து மிகாததால் எழுதுவதிலும் குழப்பம் இல்லை.

இனி, அடிக்கும் கருவியின் பெயர். கொழும்பு நண்பர் ஒருவர் சம்மட்டி என்ற சொல்லுக்குப் பதிலாகக் 'கூடம்' என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்றார். புறநானூற்றின் 170ஆம் பாடலில் கொல்லன் உலைக்கல்லில் விசைத்து எறியும் கூடம் வருகிறது. படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் 'ஆய்வுகூடம்' என்று பழகிய பிள்ளையிடம் கூடத்தை எடுத்து வா என்றால் என்ன செய்யும்? அந்தப் பாடலில் அடிப்பதைக் குறிக்கும் 'எறி' என்பதும் இன்று வீசுவதையே குறிக்கிறது. கம்மாலையிலும் மேசன்மாரிடமும் சம்மட்டி உயிரோடு இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

சுத்தியலின் அடிக்கும் பரப்புக்கும் வெட்டிரும்பின் அடி வாங்கும் பரப்புக்கும் 'அடிமுகம்', 'படுமுகம்' என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறேன். 'அடி' என்றால் கீழ்ப்பகுதி என்றும் பொருள்படுமே என்று ஆசிரியை கேட்டது நியாயம். ஆனால் பக்கத்திலேயே 'படுமுகம்' வரும்போது பொருள் தெளிந்துவிடும் என்று நம்புகிறேன். அடிமுகத்தின் விட்டம் படுமுகத்தினதைவிட ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியை இந்த இரு சொற்கள் இல்லாமல் எழுதிப் பார்த்தேன், நான்கு வரி பிடித்தது. சுத்தியலைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் எளிதாக வருகிறது: இரண்டுமே வன்மையாக்கிய அடிமுகங்கள், ஒன்று மற்றதற்கு இணங்காது.

எடையைப் பற்றி ஒரு வரி. கடைகளில் இன்னும் இறாத்தல் கணக்குத்தான் பேசுகிறார்கள். 14 இறாத்தல் சம்மட்டி 6 கிலோவுக்கு மேல் வரும், 8 இறாத்தல் சம்மட்டி ஏறத்தாழ 3.6 கிலோ. புதிதாக வருபவர் பெரியதைத்தான் கேட்கிறார். இயக்கசக்தி திணிவோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. தூக்கவே திணறும் சம்மட்டியைவிட, கட்டுப்பாட்டோடு வேகமாக வீசக்கூடிய சிறியது நல்ல அடியைத் தரும், குறியும் தவறாது.

அட்டை வரும் வாரம் அச்சுக்குப் போகிறது. முதல் வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்:

"வேலைக்கு முன் படுமுகத்தைப் பாருங்கள். சிதறுவிளிம்பு இருந்தால் அடிக்க வேண்டாம். சாணை பிடித்த பின் எடுங்கள். அடிப்பவர், பிடிப்பவர் இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்."