மறுமொழி: 'பி வெஸ்டர்ன்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். 'பி வெஸ்டர்ன்' எனப்படும் பழைய அமெரிக்கக் கௌபாய் 'பி' படங்களைப் பற்றிய நம் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம் அல்லவா, அதில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பி மூவி'க்கு 'இரண்டாம் தரப் படம்' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அந்த 'பி' தரத்துக்கு விழுந்த மதிப்பெண் இல்லை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். கூட்டம் குறைந்துபோன திரையரங்குகள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்ட ஆரம்பித்தன. நட்சத்திரங்கள் நடித்த பெரிய படம் 'ஏ'. கூடவே ஓடிய, ஒரு மணி நேரத்தைத் தொட்டும் தொடாமலும் முடியும் சின்னப் படம் 'பி'. ஏ படத்துக்கு வசூலில் பங்கு கேட்பார்கள். பி படத்துக்கோ முன்பே பேசி வைத்த ஒரே தொகைதான், நம் திரையரங்குக்காரர்கள் 'ஃபிக்ஸட் ஹயர்' என்பார்களே, அது. படம் பிரமாதமாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் வருமானம் அதே. அப்படியானால் செலவைக் குறைத்தால்தான் லாபம். தரம், பட்ஜெட் எல்லாம் இதற்கு அப்புறம் வருகிற விஷயங்கள்.

அதனால்தான் 'கொசுறுப்படம்' என்று முன்மொழிகிறேன். காய் வாங்கினால் கூடையில் விழும் கறிவேப்பிலையை யாரும் மட்டக் கறிவேப்பிலை என்று சொல்வதில்லை. கொசுறு என்பது பொருள் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்கிறது.

> சனிக்கிழமை பகல் காட்சிகளில் சிறுவர்களுக்குக் கௌபாய் படம்தானே முக்கியப் படம்? அங்கே எப்படிக் கொசுறு ஆகும்?

நல்ல கேள்வி. சின்ன ஊர்களில் அந்தப் படங்களே தலைமைப் படமாக ஓடியது உண்மைதான். ஆனால் அங்கேயும் பேரம் பெரும்பாலும் அதே ஒரே தொகைப் பேரம்தான். சுருள் எந்த ஊருக்குப் போனாலும் தயாரிப்பாளரின் கணக்கு மாறவில்லை. 'துணைப்படம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடப்புத்தகத்தில் ஓரமாகப் போடும் விளக்கப்படம் போல ஒலிக்கிறது. 'குறுஞ்செலவுப் படம்' என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், இன்றைய சிறு முதலீட்டுப் படங்களுக்கு அது வேண்டும்.

'வெஸ்டர்ன்' பற்றி விவாதமே வேண்டாம். ஜெய்சங்கர் காலத்திலிருந்தே 'கௌபாய் படம்' என்று ஊரே சொல்கிறது.

இனி, நம் கட்டுரையில் இடிக்கிற அடுத்த சொல் 'மக்கஃபின்', அதாவது கதையில் எல்லோரும் தேடி ஓடும், ஆனால் எதுவாக இருந்தாலும் கதை மாறாத பொருள். இந்தப் படங்களின் வழக்கமான கதை உங்களுக்கே தெரியும். திருடன் வண்டியை மறித்துத் தங்கத்தைக் கொள்ளையடிக்கிறான், கைவிடப்பட்ட சுரங்கத்தில் ஒளித்துவிட்டுச் செத்துப்போகிறான், மூன்று கூட்டம் தேடி அலைகிறது. அந்தத் தங்கத்தை எடுத்துவிட்டு நிலப்பத்திரத்தையோ ரயில்வே சம்பளப் பெட்டியையோ வைத்தாலும் ஒரு சண்டைக்காட்சி கூட மாறாது. அதாவது தங்கம் வெறும் சாக்கு. 'சாக்குப்பொருள்' என்று வைத்தால் என்ன? கோணியும் சாக்கு, காரணம் காட்டுவதும் சாக்கு. இந்தப் படங்களில் இரண்டும் பொருந்துவது நம் அதிர்ஷ்டம். 'கதைத்தூண்டி' என்று இன்னொரு நண்பர் சொன்னதும் மோசமில்லை, ஆனால் கதையைத் தூண்டுவது எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பொருளுக்குத் தன்னளவில் மதிப்பில்லை என்பது அதில் வரவில்லை.

கொசுறுப்படக்காரர்களுக்கு ஒளித்து வைத்த தங்கம் ஏன் அவ்வளவு பிடித்தது என்பதும் வாடகைக் கணக்கில்தான் இருக்கிறது. ஒளிந்திருக்கும் பொருளைக் கடைசி நிமிடம் வரை காட்ட வேண்டாம். கலிஃபோர்னியாவில் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா குன்றுகளில் பாறைகளுக்கு நடுவே நாலு பேரைக் குதிரையில் துரத்தவிட்டால் ஒரு ரீல் ஓடிவிடும். கடைசியில் நாயகன் சேணப்பை இரண்டையும் ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போடுவார். 50,000 டாலர் என்று வசனம் வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 டாலர் பொற்காசு ஒன்று சுமார் 33.4 கிராம், மொத்தம் 2,500 காசு, கிட்டத்தட்ட 84 கிலோ! குதிரைமேல் இன்னொரு ஆள் ஏறின மாதிரி.

> தங்கத்துக்கு மதிப்பே இல்லை என்பதை ஏற்க முடியாது. பார்வையாளருக்கு அது வெறும் சாக்கு இல்லை.

இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டார்: 100 டாலருக்கு மேற்பட்ட பொற்காசு வைத்திருப்பவர்கள் அரசிடம் ஒப்படைத்துப் பணமாக வாங்கிக்கொள்ள வேண்டும். லோன் ஸ்டார் என்ற படநிறுவனத்தின் 16 கௌபாய் படங்களில் நடிகர் ஜான் வெய்ன் நடித்தது அந்த ஆண்டு தொடங்கி 1935 வரை. வீட்டில் தங்கக் காசை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் திரையில் பை பையாகத் தங்கம் பார்த்தார்கள். அது வேறு ருசிதான். ஆனாலும் திரைக்கதைக்குள் தங்கம் செய்யும் வேலை சாக்கு வேலைதான். சொல் அந்த வேலைக்குத்தான்.

அடுத்து 'ஸ்டாக் ஃபுட்டேஜ்', அதாவது பழைய படத்துக்கு எடுத்த காட்சியைப் புதுப் படத்தில் மறுபடி பயன்படுத்துவது: 'இருப்புக்காட்சி' என்பதே என் ஓட்டு. 1932இல் வார்னர் நிறுவனம், தன்னிடம் இருந்த, கௌபாய் நடிகர் கென் மேனார்டின் ஊமைப்படத் துண்டுகளை ஜான் வெய்ன் படங்களில் ஒட்டியது. தூரத்தில் பாய்ந்து வருபவர் மேனார்ட், கிட்டத்தில் இறங்குபவர் வெய்ன். ஒட்டு தெரியாமலிருக்க அதே சாயலில் வெள்ளைக் குதிரையும் உடையும். கிடங்கில் இருந்ததை எடுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சிச் செய்தியில் வரும் 'கோப்புக் காட்சி' வேறு. அது பழசு என்று சொல்லியே காட்டுவது.

பகலில் எடுத்து இரவாகக் காட்டும் உத்திக்கு இதுவரை வந்த எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிப்பதிவில் இருப்பவர்கள் யாராவது செட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். மற்ற மூன்றையும் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.