பழைய செடான்ல இருக்கிற அந்த அமைதி எங்கேர்ந்து வருது? வாங்குமுன்ன எதைத் தட்டிப் பார்க்கணும்?

கேட்டவர்: பாளை_பெட்ரோல்

2000-லேருந்து 2008 வரை வந்த பெட்ரோல் செடான் ஒண்ணு தேடுதேன். லான்சர், கொரோலா, பலேனோ, ஆக்சென்ட், இதுல எது நல்ல நிலையில கிடைச்சாலும் சரி. ஓட்டம் பெரும்பாலும் பாளையங்கோட்டையிலேருந்து நாகர்கோவில் வரை நாற்கர சாலை, அப்பப்ப திருச்செந்தூர்.

இந்த வண்டிகளோட கதவை அடைச்சா வர்ற "டொப்" சத்தமும், 80-ல போகும்போது பின்சீட்டுக்காரங்க மெதுவாப் பேசுறது முன்னால கேக்குறதும் இப்ப வர்ற சின்ன எஸ்.யு.வி.ல இல்ல. எல்லாரும் "அந்தக் காலத்துத் தகடு கனம்"ங்காவ. உண்மையிலேயே தகடுதான் காரணமா?

ரெண்டாவது, பார்த்த வண்டிகள்ல ஒண்ணு 60 தாண்டினா "ஊம்"னு ஒரே சுருதியில இழுக்கு. இன்னொண்ணுல பணகுடி பக்கம் போனா காத்து விசிலடிக்கி. இதெல்லாம் சரியாகக்கூடியதா, இல்ல ஒதுங்கிப் போறது நல்லதா? சரியாகும்னா எதுல முதல்ல காசு போடணும்?

---

பதில் 1: மவுன்டிங்_அண்ணாச்சி

தம்பி, தகடு கதையை முதல்ல முடிச்சிருவோம். வெளித்தகடு அன்னைக்கும் இன்னைக்கும் ஏறக்குறைய 0.7, 0.8 மி.மீ.தான். பழைய மாருதி எஸ்டீம் செடானோட மொத்த எடையே 900 கிலோவுக்குக் கீழ, அதுலயும் அமைதி இருந்துச்சு. "டொப்" சத்தம் கதவுத்தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டின தார் ஷீட்டு, கதவு ஓரத்துல ஓடுற தடிச்ச ரப்பர் பீடிங், பூட்டு நாக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை, இந்த மூணும் சேர்ந்து தர்றது.

அமைதிக்கு முதல் காரணம் டிக்கி. செடான்ல பின்சீட்டு முதுகும் அதுக்கு மேல உள்ள பலகையும் ஒரு சுவர் மாதிரி நிக்கும். பின்சக்கரத்து இரைச்சலும் சைலன்சர் அதிர்வும் டிக்கியிலேயே அடங்கிரும். ஹேட்ச்பேக், எஸ்.யு.வி.ல அது நேரா நம்ம கழுத்துக்குப் பின்னால திறந்து கிடக்கு. அடுத்தது இன்ஜின். இப்ப சின்ன வண்டி பலதுல மூணு சிலிண்டர். அதுல முன்னும் பின்னும் ஆடுற ஒரு அசைவு பிறவியிலேயே உண்டு, ஐடிலிங்ல ஸ்டியரிங்ல தெரியும். நாலு சிலிண்டர்ல அந்த ஆட்டம் இல்ல, மிஞ்சுற சின்ன அதிர்வை, இன்ஜினைத் தாங்குற ரப்பர் மவுன்டிங் முழுங்கிரும். மூணாவது டயர். பழசுல 175/70 ஆர்13, புதுசுல 215/60 ஆர்16. முதல் எண் மி.மீ.ல அகலம், ரெண்டாவது அந்த அகலத்துல பக்கச்சுவர் எத்தனை சதவீதம்ங்கிறது, கடைசி இஞ்ச்ல சக்கரத்து அளவு. பக்கச்சுவர் உயரம் முன்னதுக்கு 122 மி.மீ., பின்னதுக்கு 129. அதனால "புது டயர் ஒல்லி, அதான் குலுங்குது"ன்னு எஸ்.யு.வி.யைச் சொன்னா கணக்கு ஒக்காது. அகலம் 40 மி.மீ. கூட, சக்கரத்து எடையும் கூட, அதான் இரைச்சல்.

இப்ப உங்க "ஊம்". டயரா, வீல் பேரிங்கான்னு பிரிக்கணும். வண்டியை 60-க்குக் கொண்டுபோயி நியூட்ரல் போட்டுப் பாருங்க. சத்தம் மாறலைன்னா இன்ஜின் பக்கம் இல்ல. பிறகு தார் ரோட்டுலேருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தோட நிறம் மாறினா டயர். ரோடு எதுவானாலும் அதே சுருதின்னா பேரிங். ஆள் இல்லாத ரோட்டுல பைய ஸ்டியரிங்கை வலம் இடமா அசைச்சா எந்தப் பக்கம்னும் தெரிஞ்சிரும். வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடப்பக்கம் சாயும், அப்ப சத்தம் ஏறினா இடது பேரிங். இன்னும் உறுதி வேணும்னா ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல வைங்க. போன பேரிங்னா மணல் அரைக்கிற மாதிரி விரல்ல தட்டும்.

டயர்னா வயசைப் பாருங்க. பக்கச்சுவர்ல கடைசி நாலு எண், 2318-ன்னா 2018-ஓட 23-வது வாரம். ஆறு வருசம் தாண்டினா பட்டன் (டயர் மேல உள்ள வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமா இருந்தாலும் ரப்பர் இறுகிருக்கும். நம்மூர் வெயில்ல இன்னும் முன்னாலயே. நகத்தால அழுத்துங்க, பள்ளம் விழலைன்னா அந்த டயர் ஆகாது. டயர் மேல கையை முன்னும் பின்னும் தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி ஒரு பக்கம் ரம்பம் மாதிரி பிடிச்சா அலைன்மென்ட் கெட்டிருக்கு. மேடும் பள்ளமுமா இருந்தா ஷாக் போயிருக்கு. இந்த ரெண்டையும் சரி பண்ணாம புது டயர் போட்டா, அதுவும் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிச்சிரும்.

அடுத்தது மவுன்டிங். ஏ.சி. போட்டு ஐடிலிங்ல ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்குதான்னு பாருங்க. பிறகு பானெட்டைத் திறந்து ஒருத்தர் பக்கவாட்டுல நிக்கணும், வண்டிக்கு முன்னால இல்ல. இன்னொருத்தர் ஹேண்ட்பிரேக்கும் காலுபிரேக்கும் பிடிச்சு, கிளட்சைக் கடிக்கிற இடம் வரை மட்டும் விடணும். இன்ஜின் லேசாச் சாயிறது இயல்பு. துள்ளி "டொம்"முன்னு உக்காந்தா ரப்பர் கிழிஞ்சிருக்கு. சில மவுன்டிங் உள்ள எண்ணெய் இருக்கிற வகை, கீழ கறுப்பாக் கசிஞ்ச கோடு தெரிஞ்சா முடிஞ்சது. அதுக்குப் பதிலா விலை குறைஞ்ச முழு ரப்பர் மவுன்டிங்கை மாட்டிவிடுவாவ. இன்ஜின் ஆடாது, ஆனா அதிர்வு மொத்தமும் பாடிக்குள்ள இறங்கிரும். பழைய செடானோட அமைதியைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்ல.

இனி புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர் வளையம். சின்ன மேடு பள்ளத்துல "டக் டக்"னா பெரும்பாலும் லிங்க் ராடு. பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு "டொக்"னா லோயர் ஆர்ம் புஷ். நின்ன இடத்துல ஸ்டியரிங் ஒடிக்கையில ஸ்பிரிங் "டொய்ங்"னா ஸ்ட்ரட் மவுன்ட். கொரோலாவுக்குப் பின்னால ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே பீம், முக்கியமான புஷ் ரெண்டுதான். லான்சருக்குப் பின்னால மல்டிலிங்க், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாப் பல கைகள். குண்டுகுழியை அது விழுங்குற அழகு தனி, ஆனா புஷ் எண்ணிக்கை கூட, செலவும் கூட.

புஷ் மாத்தும்போது ஒண்ணை மட்டும் பக்கத்துல நின்னு கவனிங்க. சக்கரம் தொங்குற நிலையிலேயே போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, எடை சக்கரத்துல உக்காந்த பிறகுதான் முறுக்கணும். ரப்பர் இரும்போட ஒட்டினது. தொங்கவிட்டு முறுக்கினா இறக்கின உடனே அது நிரந்தரமா முறுக்கின நிலையில நிக்கும், சில மாசத்துலயே கிழியும். "புதுப் புஷ் தரமில்ல"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

---

பதில் 2: பீடிங்_பிரியன்

விசிலுக்கு நான் சொல்லுதேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து பணகுடி, காவல்கிணறு பக்கம் குறுக்க அடிக்கும். அங்க எந்த வண்டியும் கொஞ்சம் கத்தும். அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. காத்து இல்லாத அதிகாலையில, போகவும் வரவும் ரெண்டு திசையிலயும் 80-ல ஓட்டுங்க. காத்துச் சத்தம் வேகத்தோட தாவி ஏறும். 60-லேருந்து 100-க்குப் போனா ஏறக்குறைய 13 டெசிபல் கூடும். டவுனுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டு வாங்குனா ஒண்ணும் தெரியாது.

இடத்தைக் கண்டுபிடிக்க பெயின்டர்கள் ஒட்டுற மாஸ்கிங் டேப் போதும். கதவு இடுக்கு, சைடு கண்ணாடி அடி, முன்கண்ணாடி ஓரம் எல்லாத்தையும் வெளிப்பக்கம் ஒட்டி ஓட்டுங்க. விசில் நின்னா, ஒவ்வொரு டேப்பா உரிச்சு ஓட்டணும். எதை உரிக்கும்போது திரும்ப வருதோ அதான் இடம். கதவுன்னா பீடிங் நடுவுல ஒரு தாளை வச்சு அடைச்சு இழுங்க. இறுக்கமா வரணும். சும்மா உருவிக்கிட்டு வந்தா பீடிங் படுத்துருச்சு, இல்ல கதவு தொங்கிருச்சு. மாத்துமுன்ன பூட்டு கொக்கியை 1 மி.மீ. உள்ள தள்ளிப் பாருங்க. பல நேரம் அதுலயே தீரும்.

பீடிங்ல சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்க. இன்ஜின் ஆயில், சாதா கிரீஸ், டீசல் துணி எதுவும் ஆகாது. அந்த ரப்பர் மினரல் ஆயில் பட்டா ஊதி, பிறகு தொளதொளன்னு ஆயிரும்.

முன்கண்ணாடி ஒருதடவை மாத்தின வண்டின்னா ஒட்டுன பசையில இடைவெளி இருக்கலாம். எல்லாக் கதவையும் அடைச்சு, வெளிக்காத்து வர்ற நிலையில ஃபேனை முழு வேகத்துல வைங்க. வெளிய கண்ணாடி ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வர்ற இடத்துல காத்தும் போகும், ஐப்பசி மழையில தண்ணியும் போகும்.

துருவைப் பத்தி. உவரி, திருச்செந்தூர், கூடங்குளம் பக்கத்துல நின்ன வண்டியா, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வண்டியான்னு விசாரிங்க. பதிவெண் டி.என். 69-ஆ, 72-ஆ, 76-ஆங்கிறதை மட்டும் நம்பாதீங்க, வண்டி எங்க நின்னுச்சுங்கிறதுதான் பேச்சு. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அடியைப் பாருங்க. பானெட்டுக்குள்ள ஸ்ட்ரட் உக்கார்ற குமிழ், ரன்னிங் போர்டோட அடிமடிப்பு, பின்சக்கர வளைவு, இதெல்லாம் விரலால தட்டணும். காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி நகர்த்துங்க. பிடி விடுற இடத்துல பட்டி போட்டிருக்கு. விக்கிறதுக்கு முந்தின வாரம் புத்தம்புதுசா அண்டர் கோட்டிங் அடிச்ச வண்டின்னா, வே, எதை மூடினாவன்னு கேளும்.

---

பதில் 3: களக்காடு_கிளட்ச்

மேல சொன்ன ரெண்டு அண்ணாச்சிமாரோடயும் எனக்குச் சண்டை இல்ல. ஆனா கனமான கதவுச் சத்தத்தைப் பாதுகாப்புன்னு எடுத்துக்கிடாதீங்க. நம்ம நாட்டுல புது மாடலுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபர்ல, எல்லாக் காருக்கும் 2019 அக்டோபர்ல. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல்ல. நீங்க தேடுற வண்டிகள்ல பலதுக்கு ஏர்பேக்கே கிடையாது. அமைதியா இருக்குன்னு நாற்கர சாலையில 110 ஓட்டத் தோணும், அங்கதான் வில்லங்கம்.

இன்ஜின் பக்கம்: இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிறது, கொரோலா 1.8-ல டைமிங் செயின். லான்சர் 1.5, பலேனோ, ஆக்சென்ட் 1.5 மூணும் பெல்ட். எப்ப மாத்தினதுன்னு பில் இல்லன்னா, மாத்தவே இல்லன்னு வச்சுக்கோங்க. பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில. பம்ப் பிறகு கசிஞ்சா அதே கூலியைத் திரும்பக் கொடுக்கணும்.

பெட்ரோல் இப்ப இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பர் ஹோஸ் எத்தனாலுக்குச் செஞ்சது இல்ல, வெடிச்சு வியர்க்கும். இன்ஜின் பக்க ஹோஸுக்கு ஆர்9 தரம் (ஹோஸ் மேல எஸ்.ஏ.இ. 30ஆர்9-ன்னு போட்டிருக்கும்) கேளுங்க. டேங்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கிக் கிடக்கிற துண்டுக்கு ஆர்10. ஆர்9 வெளிப்பக்கம் பெட்ரோல் பட்டா தாங்காது, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்"னா கேக்காதீங்க. டேங்க்ல பல வருசமா ஒட்டின கசடை எத்தனால் கழட்டிவிடும், அதனால ஆரம்பத்துல ஃபில்டரைச் சீக்கிரமே மாத்த வேண்டி வரும்.

காகிதம்: ஆர்.சி. 15 வருசம், பிறகு அஞ்சஞ்சு வருசமாப் புதுப்பிக்கணும். மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல்லேருந்து 5,000 ரூபா. 20 வருசம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாவ. பசுமை வரி தனி. பேரம் பேசும்போதே புதுப்பிப்பு யார் செலவுன்னு முடிவு பண்ணிருங்க.

---

பாளை_பெட்ரோல்

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. ரெண்டு சின்னக் கேள்வி. கதவு, தரையெல்லாம் டேம்பிங் ஷீட்டு ஒட்டலாமா? 13 இஞ்ச் சக்கரத்தைக் கழட்டி 15 இஞ்ச் அலாய் போட்டா ஓட்டம் இன்னும் நல்லாருக்குமா?

---

பதில் 4: மவுன்டிங்_அண்ணாச்சி

ஷீட்டு கடைசி வேலை. பேரிங், டயர், மவுன்டிங், புஷ் எல்லாம் முடிஞ்ச பிறகும் மனசு கேக்கலைன்னா 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டு ஒட்டுங்க. முழுசாப் போர்த்த வேண்டியதில்ல. தகடு அதிர்ற நடுப்பகுதியில மூணுல ஒரு பங்கு மூடினாலே போதும். சதுர மீட்டருக்கு 3, 4 கிலோ வரும், வீணா எடை ஏத்தாதீங்க. மொட்டை மாடிக்கு ஒட்டுற தார் ஷீட்டை விலை குறைவுன்னு கொண்டாந்து ஒட்டுவாவ. சித்திரை வெயில்ல அது உருகி வடியும், நாத்தம் போகாது. கதவு அடியில தண்ணி வடிய ஓட்டை உண்டு, அதை மூடிறாதீங்க. உள்ள ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைத் திரும்ப முழுசா ஒட்டணும், விட்டா மழைத்தண்ணி தரைவிரிப்புக்கு வரும். தரைக்கு ஒட்டுமுன்ன துரு இருக்கான்னு பாருங்க. ஈரத்துக்கு மேல ஒட்டினா அடியில தின்னுக்கிட்டே இருக்கும்.

ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ல மட்டும் கிர்ர்னு ஒரு தகடு பாடினா அதுக்கு ஷீட்டு வேண்டாம். சைலன்சர் மேல இருக்கிற வெப்பத் தகட்டோட போல்ட் துரு தின்னுருக்கும். பெரிய ஹோஸ் கிளிப் ஒண்ணைச் சுத்தி முறுக்குனா நின்னுரும்.

அலாய் வேண்டாம். 15-க்குப் போனா மொத்த விட்டம் மாறாம இருக்க பக்கச்சுவரைக் குறைக்கணும். சக்கரமும் கனக்கும், நீங்க தேடி வந்த மெத்துமெத்து அதோட போச்சு. கம்பெனி அளவு 175/70 ஆர்13-ன்னா அதையே போடுங்க, டயர் தாங்குற எடையைச் சொல்ற லோடு எண் 82-க்குக் குறையாம. நாலும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன். காத்து, கதவுத்தூண் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு, காலையில வண்டி ஓடுமுன்ன. பெட்ரோல் பங்க்ல வண்டி சூடா இருக்கும்போது 35 பி.எஸ்.ஐ. அடிச்சு அனுப்புவாவ, வீட்டுக்கு வந்து சூடு ஆறினதும் பாத்துச் சரி பண்ணிக்கிடுங்க.