தனி ஊசல் சோதனையை மாணவர்களின் கேள்வியிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி (மேல்நிலை இயற்பியல் ஆசிரியை):
வணக்கம். பதினொன்றாம் வகுப்பில், நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆடவிடும் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை ஆண்டுதோறும் செய்விக்கிறேன். சூத்திரமும் அட்டவணையும் முன்னரே கையில் இருப்பதால், விடை 9.8க்குப் பக்கத்தில் வராதபோது மாணவர்கள் அளவீட்டைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள். கண்டறிய அங்கே எதுவும் மிச்சமில்லாதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எதை மாற்றிப் பார்ப்பது, எப்படி அளப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட எண்ணுகிறேன். இரண்டு பாடவேளைக்குள் இது நடக்குமா? செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண் பாதிக்கப்படுமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
நடக்கும் அம்மா, ஆனால் சூத்திரத்தை நடத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நூல், இரும்பு நட்டுகள், மீட்டர் அளவுகோல், நிறுத்துக் கடிகாரம் ஆகியவற்றைக் கொடுத்து, அலைவு நேரத்தை, அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை, எதெல்லாம் மாற்றும் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலோர் எடையைத்தான் முதலில் சொல்வார்கள். என் வகுப்பில் ஒரு குழு நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டு, எடை கூடினால் அலைவு நேரமும் கூடுகிறது என்று அளவீட்டோடு வந்து நின்றது. எல்லா நட்டுகளையும் ஒரே கொக்கியில் மாட்டியிருந்த பக்கத்துக் குழுவோ, மாற்றமே இல்லை என்று அடித்துச் சொன்னது. இரண்டு ஊசல்களையும் அருகருகே தொங்கவிடச் சொன்னதைத் தவிர நான் வாய் திறக்கவில்லை. நட்டுச் சரத்தின் நடுப்பகுதி கீழே இறங்கியிருப்பதால் உண்மையில் கூடியது நீளம்தான் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்னும் விதியை அந்த வகுப்புக்கு நான் தனியாக விளக்க நேரவில்லை.

மறுமொழி 2 (முதுகலை ஆசிரியர்):
ஐயா சொல்வது சரி. எனினும் எல்லாவற்றையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கநிலையில் இருப்போருக்கு வழிகாட்டுதல் குறைந்தால் கற்றலும் குறைகிறது என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் முன்வைத்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும். அளக்கும் முறையை நாம் கற்பிப்போம். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி பிசகினால், ஓர் அலைவை மட்டும் அளப்பவருக்கு அது பத்து விழுக்காட்டுப் பிழை; 20 அலைவுகளை அளப்பவருக்கு அரை விழுக்காடுதான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நட்டுச் சண்டை தீரவே தீராது.

மறுமொழி 3 (அறிவியல் இயக்க ஆர்வலர்):
வீச்சையும், அதாவது ஊசலை எவ்வளவு கோணம் விலக்கி விடுகிறோம் என்பதையும், விட்டுவிடாதீர்கள். 10 பாகையில் தெரியாத வேறுபாடு, 60 பாகையில் அலைவு நேரத்தை ஏறத்தாழ 7 விழுக்காடு கூட்டிவிடும். சிறிய கோணம் என்னும் நிபந்தனை ஏன் என்று மாணவர்களே கேட்பார்கள். தேர்வைப் பொறுத்தவரை, முதல் பாடவேளையை இதற்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாவதில் வழக்கமான அட்டவணையை எடுத்தால் மதிப்பெண்ணுக்குக் குறைவு வராது. மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடுநிலைப் பள்ளிகளில் நடந்த, மாணவர்களே சோதனை செய்து கற்கும் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று தேர்வையே மாற்றியமைத்தது. அந்த வசதி நமக்கு இல்லை.

கேட்டவர்:
நன்றி. கொக்கிக்கும் சரத்துக்குமாக நட்டுகளை வாங்கிவிடுகிறேன். 20 அலைவுக் கணக்கை மட்டும் முதலிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, மற்றதை அவர்களிடம் விடுகிறேன்.