புதுப்பிப்பு: பையனுக்கு சன்ஸ்கிரீன், கடைசில எதை எடுத்தோம்

லீவுக்கு முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஆறு வயசு பையன், பெங்களூர்ல அபார்ட்மென்ட் பூல்ல நீச்சல் கிளாஸ், எந்த சன்ஸ்கிரீன் போடலாம்னு, பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க. ஸ்கின் டாக்டரையும் பாத்தாச்சு, மினரல் டைப்தான் எடுத்தோம், அதாவது ஜிங்க் ஆக்ஸைடு இல்லன்னா டைட்டானியம் டையாக்ஸைடு போட்டது, தோல் மேலயே நிக்கும், கெமிக்கல் டைப்ல வர்ற ஆக்ஸிபென்சோன் மாதிரி உள்ள இறங்கி ரத்தத்துல கலக்கறது இல்ல. எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கற அளவு) 50, தண்ணில தாங்கற வகை. 100 வாங்குங்கன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, ஆனா 30-ஏ யூவிபி-ல, அதாவது தோலை சுட்டு செவக்க வைக்கற வெயில் கதிர்ல, 97 சதவீதம் தடுக்குது, 50 போட்டா 98, அதுக்கு மேல எதுக்கு காசு? ட்யூப் மேல பிஏ+++ இருக்கான்னு பாருங்க, தோல்ல இன்னும் ஆழமா போற யூவிஏ கதிருக்கு அதுதான் கணக்கு.

ஒரே தொல்லை, மாநிறத்துக்கு இது வெள்ளையா தெரியுது, மூக்கு மேலயும் காது ஓரத்துலயும் விபூதி அப்பின மாதிரி. "அம்மா, நான் சாமியாரா?"ங்கறான். புள்ளி புள்ளியா வச்சு தேய்ச்சா கொஞ்சம் பரவால்ல.

ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, மூச்சுல போயிடுமாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும், பூல்ல இருந்து ஏறி துடைச்சதும் மறுபடியும். மேகமா இருக்குன்னு விட்டுடாதீங்க, நம்ம ஊரு 900 மீட்டர் உயரம், குளுகுளுன்னு இருந்தாலும் யூவி இருக்கும்.

கைக்குழந்தைக்கு கேட்ட அக்காவுக்கு: 6 மாசத்துக்குள்ள கிரீமே வேண்டாமாம், நிழல், தொப்பி, முழுக்கை சட்டை போதும். இவனுக்கும் ஃபுல் ஸ்லீவ் ஸ்விம் சூட் வாங்கிட்டேன், அதனால முகம், கழுத்து, கால் மட்டும்தான் பூசறேன், ட்யூபும் ரொம்ப நாள் வருது.