பேட்டரி ஸ்னோ ப்ளோவர் (பனிய வாரி ஓரமா வீசற மெஷின்) வாங்கலாமா? ரெண்டு கார் நிக்கற ட்ரைவ்வேக்கு எது சரிப்படும்?

வெண்பனி_வாசல்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன வருஷமா ஷவல் வச்சே அள்ளிட்டு இருந்தோம், இனிமே முடியாதுன்னு தோணுது. அப்பா எங்களோட தான் இருக்காரு, அவருக்கு இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, டாக்டர் பனி அள்ளவே கூடாதுன்னு சொல்லிட்டாரு, ஆனா நாங்க எந்திரிக்கறதுக்குள்ள அவரே வெளிய போய் ஷவல எடுத்துடறாரு, சொன்னா கேக்கறதில்ல. அதனால இந்த சீசனுக்குள்ள ஒரு மெஷின் வாங்கியே ஆகணும்.

ட்ரைவ்வே சுமார் 15 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், தார் போட்டது. ஒரு ஓரமா மட்டும் ஜல்லி கொட்டி இருக்கு. பெட்ரோல் மெஷின் வேணாம்னு நினைக்கறேன், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றதும் அந்த வாடையும் வீட்ல யாருக்கும் ஒத்துக்காது, அதோட விடிய முன்னாடி வேலைக்கு கிளம்பறப்ப அந்த சத்தத்துல தெருவே எந்திரிச்சிடும். பேட்டரில பாத்தா 40 வோல்ட், 56, 60, 80ன்னு போட்டிருக்கான், சிங்கிள் ஸ்டேஜ் டூ ஸ்டேஜ்னு வேற இருக்கு. வோல்ட் ஜாஸ்தி இருந்தா நல்லதா? ஒரே சார்ஜ்ல மொத்தமும் முடிஞ்சிடுமா? யூஸ் பண்றவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மின்கம்பி:
முதல்ல அந்த வோல்ட் நம்பர மறந்துடுங்க. பேட்டரிக்குள்ள எவ்வளவு சரக்கு இருக்குன்னு சொல்றது வாட் அவர் தான். வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குனா வந்துடும், நிறைய பேட்டரில ஸ்டிக்கர்லயே போட்டிருப்பான். 80 வோல்ட் 2.5 ஆம்பியர் அவர்னா 200 வாட் அவர். 40 வோல்ட் 6 ஆம்பியர் அவர்னா 240. பாருங்க, பெரிய நம்பர் போட்டதுல தான் சரக்கு கம்மி. 56 வோல்ட் 10 ஆம்பியர் அவர் பேட்டரின்னா 560 வரும். வோல்ட் ஜாஸ்தின்னா அதே பவருக்கு கரண்ட் கம்மியா போதும், வயர் மோட்டார் எல்லாம் சூடு கம்மியா ஆகும், அந்த லாபம் இருக்கு, ஆனா எவ்வளவு நேரம் ஓடும்ங்கறத அது சொல்லாது.

இப்ப உங்க ட்ரைவ்வேக்கு வருவோம். 15க்கு 5, அதுல 15 சென்டிமீட்டர் பனின்னு வச்சா 11 கன மீட்டருக்கு கொஞ்சம் மேல. புதுசா விழுந்த காஞ்ச பனி கன மீட்டருக்கு 100 கிலோ கிட்ட இருக்கும், அப்ப சுமார் 1,100 கிலோ. அதுவே ஈரப் பனின்னா 300 கிலோ வரைக்கும் போகும், அப்ப மூணு டன்னுக்கு மேல தள்ளணும். அதே ட்ரைவ்வே, அதே 15 சென்டிமீட்டர், வேலை மட்டும் மூணு மடங்கு. அதனால தான் ஒரே மெஷின ஒருத்தர் சூப்பர்ங்கறாரு, இன்னொருத்தர் பாதில நின்னுடுச்சுங்கறாரு, ரெண்டு பேரும் உண்மை தான் சொல்றாங்க. ஈரப் பனில மோட்டார் 1,000 வாட்டுக்கு மேல இழுக்கும்போது 560 வாட் அவர் அரை மணி நேரம் வர்றதே பெருசு. கம்பெனிக்காரன் பெட்டில போடற நேரம் லேசான பனிக்கு போட்டதுன்னு வச்சுக்கங்க.

உங்க அளவுக்கு கையில மொத்தம் 500 வாட் அவருக்கு குறையாம இருக்கணும், ரெண்டு பேட்டரியா இருந்தா இன்னும் நல்லது, ஒண்ணு ஓடறப்ப இன்னொண்ணு சார்ஜ்ல கிடக்கும். சார்ஜர் ஃபாஸ்ட் சார்ஜரான்னும் பாருங்க, பெட்டியோட வர்ற சார்ஜர் பல தடவை மெதுவானதா இருக்கும்.

ஆகர்_ஆறுமுகம்:
மின்கம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா முடிவு பண்ண வேண்டியது ட்ரைவ்வே நடுவுல இருக்கற பனிய பாத்து இல்ல, தெருவோரத்துல இருக்கறத பாத்து. ரோடு க்ளீன் பண்ற வண்டி வந்துட்டு போனதும் உங்க வாசல் முனைல ஒரு மேடு கட்டி விட்டுட்டு போகும் பாருங்க, அது உப்பும் சேறும் கலந்து இறுகிப் போன பனி, ராத்திரி முழுக்க விட்டா கல்லு மாதிரி ஆயிடும். அந்த மேட்டுல தான் சின்ன மெஷினெல்லாம் திணறும்.

சிங்கிள் ஸ்டேஜ்ங்கறது முன்னாடி சுத்தற ரப்பர் துடுப்பே பனிய அள்ளி நேரா ஷூட் (பனி வெளிய பறக்கற குழாய்) வழியா வீசிடும். தரைய ஒட்டி வழிக்கறதால தார்ல சுத்தமா எடுக்கும், எடையும் கம்மி, யாரு வேணா திருப்பலாம். ஆனா ஜல்லில ஓட்டவே கூடாது, பனியோட சேத்து கல்லையும் வாரி அடிக்கும், கார் கண்ணாடியோ ஆளோ எதுல வேணா படும். டூ ஸ்டேஜ்ல முன்னாடி சுத்தற இரும்பு ஆகர் (திருகு மாதிரி பிளேடு) பனிய உடைச்சு உள்ள இழுக்கும், பின்னாடி தனியா ஒரு இம்பெல்லர், அதாவது வேகமா சுத்தற விசிறி, அத தூக்கி எறியும். அடில ரெண்டு பக்கமும் ஸ்கிட் ஷூன்னு தரைல வழுக்கிட்டு போற தகடு இருக்கு, அத இறக்கி வச்சா பிளேடு தரைய விட்டு மேல நிக்கும், ஜல்லிலயும் ஓட்டலாம். சக்கரத்துக்கு தனி மோட்டார் பவர் இருக்கறதால தள்ள வேண்டியதில்ல, ஆனா எடை ஜாஸ்தி, நிறுத்த கராஜ்ல இடம் வேணும், விலையும் நல்லா ஏறும்.

எனக்கு தோணறது: உங்க ஊர்ல ஒரு தடவைக்கு 15, 20 சென்டிமீட்டருக்குள்ள தான் விழும்னா நல்ல சிங்கிள் ஸ்டேஜ் போதும், அந்த ஜல்லி ஓரத்த விட்டுடுங்க. அடிக்கடி முழங்கால் அளவு கொட்டும்னா யோசிக்காம டூ ஸ்டேஜ். எதுவா இருந்தாலும் பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ள உரசற கார்பன் பிரஷ் இல்லாதது) இருக்கறதா பாருங்க.

பழைய_இன்ஜின்:
நான் பெட்ரோல் ஆளு தான், அதனால நேராவே சொல்றேன். ட்ரைவ்வே ரொம்ப நீளம், மணிக்கணக்கா நிக்காம ஓட்டணும், கரண்டும் அடிக்கடி போகும்னா இன்னிக்கும் பெட்ரோல் தான் சரி, டேங்க்ல ஊத்திட்டு போயிட்டே இருக்கலாம். ஆனா 15 மீட்டருக்கு அது தேவையில்ல. கோடைல பெட்ரோல அப்படியே விட்டா கார்ப்ரேட்டர் அடைச்சுக்கும், ஆயில் மாத்தணும், ப்ளக் பாக்கணும், இதெல்லாம் செய்ய ஆளில்லாத வீட்டுக்கு பேட்டரி தான் நிம்மதி.

ஒண்ணு மட்டும். வீட்ல ஏற்கனவே புல் வெட்டற மெஷின் பேட்டரில இருக்கான்னு பாருங்க. ரியோபி 40 வோல்ட், இகோ 56, டோரோ 60ன்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேட்டரி குடும்பம், ஒண்ணோட பேட்டரி இன்னொண்ணுல சேராது. பேட்டரி தனியா வாங்கப் போனா தான் விலை தெரியும், அதனால இருக்கற குடும்பத்துலயே வாங்குங்க.

வெண்பனி_வாசல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், வாட் அவர் விஷயம் யாருமே சொன்னதில்ல. எங்க பக்கம் பெரும்பாலும் 10, 15 சென்டிமீட்டர் தான், எப்பவாவது தான் அதுக்கு மேல. அப்ப சிங்கிள் ஸ்டேஜ், ரெண்டு பேட்டரின்னு போறேன். மெஷினோட பேட்டரியையும் கராஜ்லயே வைக்கலாமா? ஹீட்டர் கிடையாது, உறையற குளிர் தான் அங்க. அப்புறம், மெஷின் வந்துட்டா அப்பா ஓட்டலாமா?

குளிர்காலக்_குருவி:
மெஷின் கராஜ்ல இருக்கட்டும், பேட்டரி மட்டும் வீட்டுக்குள்ள. லித்தியம் பேட்டரி குளிர்ல கிடந்தா உள்ள இருக்கற சரக்க முழுசா குடுக்காது, அது கூட பரவாயில்ல, திரும்ப சூடானா சரியாயிடும். ஆனா பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் போடறது தான் பெரிய தப்பு, உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு பேட்டரி நிரந்தரமா கெடும். நல்ல பேட்டரிகள் அந்தக் குளிர்ல சார்ஜ் ஏத்தாம நிறுத்திடும், இருந்தாலும் அத நம்பி விடாதீங்க. ஓட்டி முடிச்சதும் ரூம்ல கொஞ்ச நேரம் வச்சுட்டு அப்புறம் சார்ஜ்ல போடுங்க. கோடைக்கு எடுத்து வைக்கறப்ப பாதி சார்ஜ்ல வைங்க, முழுசாவும் வேணாம் காலியாவும் வேணாம்.

அதிகமா கொட்டற அன்னிக்கு மொத்தமா நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க, பாதில ஒரு தடவை, நின்னதும் ஒரு தடவை எடுங்க. ஷூட் உள்பக்கம் சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா ஈரப் பனி ஒட்டாது. அப்படியும் அடைச்சுக்கிட்டா, இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, கைய உள்ள விடவே கூடாது. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, பேட்டரிய கழட்டிட்டு, கூட வர்ற அந்த பிளாஸ்டிக் குச்சியால தான் குத்தி எடுக்கணும். மெஷின் நின்னுடுச்சேன்னு கைய விட்டு விரல் போனவங்க நிறைய பேரு, அடைப்பு விலகற நொடில பிளேடு ஒரு திருப்பு திரும்பும், அது போதும்.

அப்பா விஷயம், டாக்டர்கிட்ட தனியா கேளுங்க. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், அதோட திடீர்னு உடம்ப வருத்தறதும் சேர்ந்தா தான் ஆபத்து. சிங்கிள் ஸ்டேஜ் லேசா தானா இழுத்துட்டு போகும், ஆனா திருப்பறதும் அந்த முனை மேட்டுல தள்ளறதும் உங்க கை பலம் தான். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பேட்டரிய உங்க ரூம்ல சார்ஜ் போடுங்க, ஷவலையும் கார் டிக்கில வச்சு பூட்டிடுங்க.