பழைய காருக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துவரவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய கார். மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வெளியே எடுப்பேன். எத்தனால் கலந்த பெட்ரோல் போட ஆரம்பித்ததிலிருந்து தொல்லைதான். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஃபில்டர் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. போன வாரம் பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால், ரப்பர் ஊதிப்போய்ப் பிசுபிசுவென்று இருக்கிறது.

மைலேஜ் குறைவது புரிகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் ஆற்றல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பில் 3 சதவீதம் போல இழப்பு, சரி, போகட்டும். என் பயமெல்லாம் தண்ணீர்தான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அப்புறம் துருதான்.

ஹோஸ், கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டையும் மாற்ற வேண்டுமா? வண்டி சும்மா நிற்கும்போது டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா? ஒரு மெக்கானிக் சொல்வதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்கிறார். பட்டவர்கள் சொன்னால் நம்புவேன்.